உங்களுக்குத் தெரியுமா? அலை வடியும் நேரத்துப் பாட்டுகள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். கொற்கையில் மண் மேடிட்டதும் துறைமுகம் பழையகாயலுக்கு வந்தது. பிறகு புன்னைக்காயலுக்கு, கடைசியில் தூத்துக்குடிக்கு. துறை மாறிக்கொண்டே இருந்தது. கப்பல் வருவது நிற்கவில்லை. இசையிலும் இதே கதைதான். ஒரு பாணியின் மவுசு குறையும் நேரத்தில் வந்த சில பாட்டுகளையும், கடைசியில் ஒரு புத்தகத்தையும் இந்த வாரம் பார்ப்போம்.

● 1971. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிக்கு 'டி. ரெக்ஸ்' குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புத் தூள் பூசிக்கொண்டு பாட வந்தார். 'கிளாம் ராக்' பிறந்த கணம் அதுதான் என்று பலரும் சொல்வார்கள். சாட்டின் சட்டை, தடித்த அடிப்பாகம் வைத்த உயரமான பூட்ஸ், ஆண்களுக்கும் முகப்பூச்சு என்று பிரிட்டன் மேடைகள் ஜொலித்தன. விடிய விடிய அரிதாரத்தோடு ஆடும் கூத்துக் கலைஞர்களைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்த மயக்கம் சட்டென்று பிடிபடும்.

● அன்றைய 'சிங்கிள்' என்பது 7 அங்குல இசைத்தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு. எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று வாராவாரம் பட்டியல் வரும். ஒரு பாணி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அந்தப் பட்டியலே காட்டிவிடும்.

● 1973 ஜூலை 3. லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், தான் ஏற்றிருந்த 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' வேடத்துக்கு டேவிட் போவி விடை கொடுத்தார். கிளாமின் மிகப் பெரிய நட்சத்திரம், புகழின் உச்சியில் வேடத்தைக் கலைத்தார்.

● அதே போவிதான் 1972இல், கலைந்துபோக இருந்த 'மாட் தி ஹூப்பிள்' குழுவுக்கு 'ஆல் தி யங் டூட்ஸ்' பாட்டை எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்தப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

● 1974 அக்டோபரில் கிளாம் வடியத் தொடங்கியிருந்தது. அப்போது மாட் தி ஹூப்பிள் வெளியிட்ட சிங்கிள் 'சாட்டர்டே கிக்ஸ்'. 1969 முதல் தாங்கள் கடந்து வந்த மேடைகளை ஆண்டு ஆண்டாக நினைத்துப் பார்த்து, முடிவில் ரசிகர்களிடம் விடைபெறும் பாட்டு அது. போவியின் கிடார் கலைஞராக இருந்த மிக் ரான்சன் அதில் வாசித்தார். பட்டியலில் 41ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவும் கலைந்தது.

● அதே மாதம் 11ஆம் தேதி இன்னொரு சிங்கிள் வந்தது: 'குயீன்' குழுவின் 'கில்லர் குயீன்'. அது பிரிட்டனில் 2ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 12ஆம் இடத்துக்கும் ஏறியது. முந்தின ஆண்டுதான் மாட் தி ஹூப்பிளின் கச்சேரிகளில் முதலில் மேடையேறி, கூட்டத்தைத் தயார்படுத்தும் குழுவாகக் குயீன் இருந்தது. மூத்தவர்கள் விடைபெற்ற மாதத்தில் இளையவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

● 'கில்லர் குயீன்' விரல் சொடுக்கும் ஓசையோடு தொடங்கும். பெரிய பியானோ ஒன்றின் ஒலிக்கு மேல், பழைய கேளிக்கைக் கூடங்களில் கேட்கும் கலகலப்பான சிறு பியானோ ஒன்றையும் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி வாசித்துச் சேர்த்தார். கிடார் கலைஞர் பிரையன் மே அப்போது நோயுற்றிருந்தார். மற்றவர்கள் அவருக்காக இடம் விட்டுப் பதிவு செய்து வைத்தார்கள்; உடல் தேறியதும் அவர் வந்து நிரப்பினார். அந்த வெற்றிடம் காத்திருந்தது என்று தெரிந்து கேட்டால், கிடார் நுழையும் இடம் நெஞ்சைத் தொடும்.

● பாட்டை எழுதிய ஃப்ரெடி மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. சான்சிபாரில் 1946இல் பிறந்த பார்சி. படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில். விடுதி மாணவராக இருக்கும்போதே 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் பியானோ வாசித்தார். கிளாம் மேடையின் அந்த விரல்கள் முதலில் பழகியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்!

● நம் கடலுக்கு அக்கரையிலும் இப்படி ஒரு பாட்டு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் 'சுராங்கனி' பைலா பாணியில் அமைந்தது. 'பைலா' என்பது ஆடலைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர்ச்சுகீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் விட்டுச் சென்ற தாளம், அவர்கள் ஆட்சி போன பிறகும் இலங்கையில் தங்கிவிட்டது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அந்த மெட்டைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தார். மீன் கொண்டுவருவதைப் பாடும் பாட்டு, மீன்பிடிக்கும் கரைக்கு வந்து சேர்ந்தது.

● அதே போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயலில் வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு நூல். 1586இல் அவர் வெளியிட்ட 'அடியார் வரலாறு' 600 பக்கங்களைத் தாண்டியது. அது புன்னைக்காயலில் அச்சானது என்பது அறிஞர் பலரின் கருத்து. போர்ச்சுகீசியரின் தலைமையிடம் தூத்துக்குடிக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஊரின் செல்வாக்கு இறங்கும் வேளையில்தான் அந்தப் பெரிய புத்தகம் வந்தது. அதன் பிரதி இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

● இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். 1974 அக்டோபரின் இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 41ஆம் இடத்தில் நின்ற பாட்டை முதலில் போடுங்கள். விற்பனைப் பட்டியல் அன்று காட்டியது எண்ணிக்கையை மட்டுமே. கூடப் பாடிய தோழர்களைப் பிரியும்போது ஒருவர் குரல் எப்படி இருக்கும் என்பதை அந்த இசைத்தட்டில்தான் கேட்க முடியும்.