பவானிக் கரை ரயிலடி: அன்றும் இன்றும்

குமாரபாளையத்தில் ரயில் ஏற முடியாது. விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர், லுங்கியும் துண்டும் லாரி லாரியாக வெளியே போகிற ஊர். ஆனால் ரயிலடி கிடையாது. ஊருக்குப் புதியவர் யாராவது "ஏனுங்க, ஸ்டேஷன் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டால், "ஈரோட்டுக்குப் போயிருங்க" என்பதுதான் பதில்.

இத்தனைக்கும் தென்னிந்தியாவின் மிகப் பழைய இருப்புப்பாதை நமக்கு எட்டுகிற தூரத்தில்தான் போகிறது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வேயின் பாதை, மேற்குக் கடற்கரைப் பேப்பூரை நோக்கி நீண்டுகொண்டே வந்தது. 1861-இல் சேலத்தையும், அந்த ஆண்டு முடிவதற்குள் சங்ககிரியையும் தொட்டது. 1862 மே மாதம் சங்ககிரிக்கும் போத்தனூருக்கும் இடையே மிச்சமிருந்த துண்டும் திறக்கப்பட, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ரயிலிலேயே போக முடிந்தது. அந்தப் பாதை காவிரியை நம் ஊருக்கு எதிரே கடக்காமல் தெற்கே தள்ளி ஈரோட்டில் கடந்தது. 1868-இல் திருச்சிப் பக்கத்துப் பாதையும் வந்து சேர, ஈரோடு ஜங்ஷன் ஆனது. குமாரபாளையம் சாலையை நம்பியே வளர்ந்தது. நம்மைக் குறைசொல்ல வேண்டாம். மாவட்டத் தலைநகரான நாமக்கல்லுக்கே ரயில் வந்தது 2013 மே மாதம்தான். அதுவரை ஆனங்கூர், காவேரி என்ற இரண்டு சின்ன ஸ்டேஷன்கள்தாம் நாமக்கல் மாவட்டத்தின் ரயில் கணக்கு.

இப்போது பாரம்பரியம் என்ற பேச்சுக்கு வருவோம். நம் வட்டாரத்திலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய, உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ரயிலடி எது என்றால் அது மேட்டுப்பாளையம். நமக்கு அதனுடன் தண்ணீர் உறவு உண்டு. மேட்டுப்பாளையத்தை ஒட்டி ஓடும் பவானி ஆறுதான் சத்தியமங்கலம், கோபி வழியாக இறங்கி, நம் எதிர்க்கரையில் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அங்கிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் புறப்பட்டவுடன் முதலில் கடப்பதும் அந்த ஆற்றைத்தான்.

மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல், போத்தனூரிலிருந்து கோவை வழியாகப் பிரிந்து வந்த கிளைப்பாதையில். கோவைக்கே அந்தக் கிளையில்தான் ரயில் கிடைத்தது. மெயின் லைன் 1862-இலேயே கோவையைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் போய்விட்டிருந்தது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரி செங்குத்தாக நிற்கிறது. கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்குக் குடிபெயரும் காலம் அது. கோப்பும் குடும்பமுமாக வந்த துரைமார்கள் இங்கே இறங்கி, மாட்டுவண்டியிலும் குதிரை வண்டியிலும் பல்லக்கிலும் மலைப்பாதை ஏறினார்கள். பயணம் பாதியில் நிற்கிற இடம் என்பதால் இந்த ஸ்டேஷனுக்கு முக்கியத்துவம் வந்தது.

மலைமேல் ரயில் விடும் யோசனை 1854-இலேயே இருந்தது. 1882-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிக்கன்பாக் திட்டம் தந்தார். 1891-இல் வேலை தொடங்கியது. எடுத்த கம்பெனி 1894-இல் நொடித்துப்போனது. புதிய கம்பெனி வந்து, 1899 ஜூன் 15 அன்று குன்னூர் வரை வண்டி ஓடியது. ஊட்டிக்குப் போக 1908 ஆனது. 46 கிலோமீட்டருக்கு 54 ஆண்டு இழுபறி. இன்றைக்கு ஒரு மேம்பாலம் தாமதமானால் நாம் பொரிந்து தள்ளுகிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் மணியடித்தாற்போல் நடந்தது என்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி கட்டடங்களுக்கு வருவோம். ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்கு அதன் உயர்ந்த தூண்கள் நினைவிருக்கும். அது கவர்னர் வந்து திறந்துவைத்த கட்டடம். பார்ப்பவர் மலைக்க வேண்டும் என்றே கட்டியது. நாட்டுப்புற ரயிலடிகளின் இலக்கணம் வேறு. ஒற்றைத் தளம், சரிந்த கூரை, கனத்த சுவர், நீண்ட தாழ்வாரம். நடுவில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை. அதில் தந்தியும் வண்டிகளுக்கு வழிவிடும் கருவிகளும். பக்கத்தில் கையை மட்டும் நீட்டக்கூடிய டிக்கெட் ஜன்னல். வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. வெயிலும் மழையும் ஆளைத் தொடாமல், பார்சல் நனையாமல், மாஸ்டர் இருந்த இடத்திலிருந்தே இரு பக்கப் பாதையையும் பார்க்கும்படி அமைந்தால் போதும். அலங்காரம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. இந்தச் சிக்கனத்தை நான் ராயபுரத்துத் தூண்களைவிட ஒரு படி மேலாகவே வைப்பேன்.

மேட்டுப்பாளையத்தின் தனித்தன்மை சுவரில் இல்லை, தரையில் இருக்கிறது. இங்கே அகலப்பாதை வந்து முடிகிறது, மீட்டர் பாதை தொடங்குகிறது. ஒன்றின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர், மற்றதற்கு 1,000. சென்னையிலிருந்து இரவோடு இரவாக வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணி வாக்கில் வந்து நிற்க, ஏழு மணிக்குமேல் மலை ரயில் கிளம்பும். ஒரு காலத்தில் இந்த இரு அளவுப் பாதைகளும் சந்திக்கும் ஸ்டேஷன்கள் தமிழ்நாட்டில் பல இருந்தன. சாமான்களை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே அங்கே பெரிய பிழைப்பு. 1992-க்குப் பிறகு எல்லாப் பாதைகளையும் அகலமாக்கும் திட்டம் வந்து அவற்றைத் துடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்று மிஞ்சியிருக்கும் மீட்டர் பாதை இது ஒன்றுதான்.

கல்லாறு தாண்டியதும் வேலையே வேறு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஜோடியாக ஓடுகின்றன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஒரு பட்டையின் பல் இருக்குமிடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும். எந்த நொடியிலும் பிடி விடாது. 12 அடி முன்னே போனால் ஓரடி உயரும் ஏற்றம். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் நின்று கையால் பிரேக் போடுகிறார். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். மேலே போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பஸ் இதில் பாதி நேரம்கூட எடுப்பதில்லை.

அந்தக் கடைசி வரிதான் சிக்கல். பஸ் வேகமாகப் போகும்போது நட்டத்தில் ஓடும் ரயில் எதற்கு என்ற கேள்வி எங்கும் பல கிளைப்பாதைகளை மூடவைத்திருக்கிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை குறும்பாதை ரயில் ஒன்று ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்றது, தண்டவாளமும் போனது. நீலகிரி ரயில் தப்பியதற்கு 2005 ஜூலையில் யுனெஸ்கோ தந்த அங்கீகாரம் முக்கியக் காரணம். டார்ஜிலிங் ரயில் 1999-இலேயே பெற்ற இடத்தில் இதையும் சேர்த்தார்கள். அதன் பிறகு நட்டக் கணக்கைக் காட்டி யாரும் எளிதில் கைவைக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எஞ்சின்களுக்குத் துணையாக, நம் பொன்மலைப் பணிமனையே புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டி அனுப்பியது. பொன்மலைத் தொழிலாளிகளுக்கு இதற்கென்று ஒரு சபாஷ் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் நீராவி எஞ்சினை முதலிலிருந்து கட்டத் தெரிந்த கைகள் உலகத்திலேயே குறைவு.

ஆனால் பிழைத்தது எது? நேராகச் சொன்னால், வண்டியும் பாதையும் கட்டடமும் பிழைத்தன. அவற்றின் பழைய வேலை பிழைக்கவில்லை. மலைவாசிகளும் தோட்டத் தொழிலாளிகளும் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் ஏறிய வண்டி இது. இன்று மேட்டுப்பாளையத்தில் ஏறுபவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். சீசனில் நினைத்தவுடன் போய் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட முடியாது. முன்பதிவு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். கெட்டி அட்டையில் அச்சடித்த சின்ன டிக்கெட்டைப் பாரம்பரியத்துக்காகவே வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2007-இல் கம்ப்யூட்டர் வந்தது. வழியிலுள்ள கேத்தி ஸ்டேஷனில் வந்து நிற்பவர்களில் பலர் வண்டிக்காக நிற்பதில்லை, 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுத்த இடம் என்பதற்காக நிற்கிறார்கள். தப்பென்று சொல்லவில்லை. ரயிலடி காட்சிப்பொருள் ஆகும்போது இப்படித்தான் ஆகும்.

இதற்கு நேர் எதிர் சங்ககிரி. மேட்டுப்பாளையத்தைவிட 12 ஆண்டு மூத்த ரயிலடி. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை நிற்கும் மலை இந்த ஊருக்கு அடையாளம். ஸ்டேஷன் பெயரிலும் 'துர்க்' என்று அந்தக் கோட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1960-களில் சிமென்ட் ஆலை வந்தது, பெட்ரோலியக் கிடங்கு வந்தது, லாரித் தொழில் பெருகியது. சங்ககிரி ஸ்டேஷனை யாரும் சுற்றுலாவாகப் பார்க்க வருவதில்லை. சரக்கு ஏற்றவும் வேலைக்குப் போகவும் வருகிறார்கள். 160 ஆண்டுக்குமேல் ஒரே வேலையைச் செய்துவருகிறது. எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் அதற்கு இடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பட்டியல் போடுகிறவர்கள் அழகான மலையைப் பார்க்கிறார்கள். சிமென்ட் தூசி படிந்த சமவெளியைப் பார்ப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2007 நவம்பரில் சேலம் கோட்டம் உருவானபோது மேட்டுப்பாளையம், சங்ககிரி, ஈரோடு, காவேரி எல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ் வந்துவிட்டன. ஒரே கோட்டத்தில் ஒரு ஸ்டேஷனில் பழைய மரக்கதவை மாற்றினாலும் கேள்வி வரும். இன்னொன்றில் நூற்றாண்டு கண்ட சுவரை இடித்து டைல்ஸ் ஒட்டினாலும் கேட்க நாதியில்லை. அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிறார்கள். நல்ல கழிப்பறையும் லிப்ட்டும் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வயதான அம்மா ஒருத்தர் மேம்பாலப் படி ஏறித் திணறுவதைப் பார்த்தவர் பழமைக்காகப் படியை வைத்திருங்கள் என்று வாதாட முடியாது. கேட்பது ஒன்றுதான்: இடிக்கும் முன் அளந்து, வரைந்து, படம் எடுத்து வையுங்கள்.

அதற்குப் பெரிய பணமும் வேண்டாம், யுனெஸ்கோவும் வேண்டாம். நம்மைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சேலத்திலிருந்து ஈரோடு வரையுள்ள மெட்ராஸ் ரயில்வே காலத்து ஸ்டேஷன்களை ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு பருவத்தில் அளந்து முடித்துவிடலாம். ரயில்வேயிடம் அனுமதி வாங்கித் தருவது ஆசிரியர்கள் பாடு. குமாரபாளையம், பள்ளிபாளையம் ஜவுளிக்காரர்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து ரயில் பார்சல் ரசீதோ, ஸ்டேஷன் முன்னால் எடுத்த குடும்பப் படமோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.