யாரிடம் கேட்கிறோம்? – குடாநாட்டின் கூட்டு நினைவும் அளவீட்டு முறையும்

ஒரு சமூகம் தன் கடந்த காலத்தை எவ்வாறு நினைவிற் கொள்கிறது என்பதை அறியச் சமூகவியலாளர் கையாளும் வழிகளுள் வினாக்கொத்து அளவீடு முக்கியமானது. மாதிரியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சில நூறு பேரிடம் ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளை எண்ணி, அட்டவணைப்படுத்துவது அதன் இயல்பு. எளியதாகத் தோன்றும் இம்முறையினுள் மூன்று தீர்மானங்கள் அடங்கியுள்ளன: யாரிடம் கேட்பது, யார் கேட்பது, எவ்வாறு கேட்பது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவை வெறும் முறையியற் பிரச்சினைகள் அல்ல. எவருடைய நினைவு வரலாறாகப் பதிவுபெறும், எவருடைய நினைவு விடுபட்டுப்போகும் என்பதும் இவற்றிலேயே தங்கியுள்ளது. இம்மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

1. நினைவும் தலைமுறையும்

தனிமனிதரின் நினைவுக்குக் குடும்பம், சமயம், வர்க்கம் ஆகிய சமூகச் சட்டகங்களே உருவம் தருகின்றன என்பதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹல்ப்வாக்ஸ் 1925 இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார். நாசிகளின் புக்கன்வால்ட் முகாமில் 1945 இல் உயிரிழந்த அவருடைய கருத்தை எண்ணிக்கை வழியே சோதிக்க முற்பட்டோருள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹவார்ட் ஷூமன் குறிப்பிடத்தக்கவர். 1985 இல் அவரும் ஜாக்குலின் ஸ்கொட்டும் 1,410 அமெரிக்கரிடம், கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றுள் முக்கியமானவையெனக் கருதும் ஓரிரு நிகழ்ச்சிகளைக் கூறுமாறு கேட்டனர். பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தாம் கண்ட நிகழ்ச்சிகளையே பலரும் குறிப்பிட்டனர். நினைவு தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடுகிறது என்பது இதனாற் பெறப்பட்டது.

இதே வினாவைக் குடாநாட்டிற் கேட்பதாகக் கொள்வோம். எழுபது வயதைக் கடந்த ஒருவர் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலையோ, 1974 ஜனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் நிகழ்ந்த உயிரிழப்புக்களையோ கூறலாம். அறுபதுகளில் உள்ளவர் 1981 இல் பொதுநூலகம் எரிந்ததைக் கூறலாம். நாற்பதுகளில் உள்ளவருக்கு 1995 இன் இடப்பெயர்வு முதலில் வரக்கூடும். 2009 க்குப் பின் பிறந்த மாணவருக்கு இவை யாவும் பிறர் சொல்லக் கேட்டவையே. ஆயினும் தலைமுறை என்னும் ஒரே அளவுகோல் எமக்குப் போதாது. ஒரே வயதினரிடையேயும் நினைவைப் பிரிக்கும் வேறு கோடுகள் இம்மண்ணில் உள்ளன.

2. யாரிடம் கேட்பது?

எழுமாற்று மாதிரி எடுப்பதற்கு முழுமையான பெயர்ப்பட்டியல் வேண்டும். 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது, இன்றைய எல்லைகளின்படி கொண்டால், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1991 இல் நாட்டில் குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001 இல் வடக்கில் அது முழுமைபெறவில்லை. 2012 இல் எண்ணப்பட்டபோது தொகை 5 இலட்சத்து 83 ஆயிரம் அளவினதாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் இறந்தோரும், புலம்பெயர்ந்தோரும், வெளியேற்றப்பட்டோரும் இன்றைய வாக்காளர் இடாப்பில் இல்லை. இடாப்பை மட்டும் நம்பும் ஆய்வாளர் எஞ்சியிருப்போரின் நினைவையே 'யாழ்ப்பாணத்தின் நினைவு' என்று எழுத நேரும்.

இதற்கு ஒரு நாளை உதாரணமாகக் காட்டலாம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்களை வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இலட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியை அண்டிய மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். ஒரே திகதி சோனகத் தெருவிலிருந்து சென்றவருக்கு ஒன்றையும், கொக்குவிலிலிருந்து சென்றவருக்கு வேறொன்றையும் குறிக்கிறது. எமது மாதிரி குடாநாட்டு எல்லைக்குள் நின்றுவிடின் முதலாவது நினைவு அட்டவணையில் 'ஏனையவை' என்னும் நிரலுக்குள் ஒதுங்கிவிடும். அது எண்ணிக்கையிற் சிறுத்தமைக்கு வெளியேற்றமே காரணம் என்பதை அட்டவணை சொல்லாது. எனவே புத்தளத்திலும் கேட்கவேண்டும். சிறு குழுவினரிடமிருந்து விகிதத்துக்கு மேலான மாதிரியை எடுத்து, பின்னர் நிறையளித்துக் கணிக்கும் முறை புள்ளியியலில் உண்டு. அதனைக் கையாள்வது நீதியும் ஆகும்.

3. யார் கேட்பது?

1968 இல் டிட்ரோயிற் நகரில், கறுப்பின மக்களிடம் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் தனித்தனியே சென்று வினவினர். இன உறவு பற்றிய வினாக்களுக்கு, வெள்ளையரிடம் கூறப்பட்ட விடைகளில் வெள்ளையர் மீதான அவநம்பிக்கை குறைவாகவே வெளிப்பட்டது. ஏனைய வினாக்களில் வேறுபாடு பெரிதன்று. ஷூமனும் ஜீன் கொன்வேர்சும் 1971 இல் இதனை வெளியிட்டனர்.

எமது சூழலில் இதற்கு நிகரானது சாதி. 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பற்றி ஒரு முதியவரிடம் கேட்கும்போது, கேட்பவர் எந்த ஊரவர், எவருடைய பிள்ளை என்பதை அறிந்த பின்னரே விடை வருகிறது. 'அதெல்லாம் அந்தக் காலம், தம்பி' என்னும் விடை மறதியையும் குறிக்கலாம். மரியாதையையும் அச்சத்தையும் குறிக்கலாம். அவ்வாறே, உத்தியோகத்தர் ஒருவர் படிவத்துடன் விறாந்தையில் அமர்ந்திருக்க, அயலவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க, 'தெரியாது' என்று கூறுவது அறியாமையன்று. அதுவும் ஒரு விடையே. அதனை 'விடையில்லை' எனக் குறித்துவிட்டு நகர்வது தவறு.

4. எவ்வாறு கேட்பது?

தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், எழுமாற்றாகத் தெரியப்பட்ட 98 பேருள் 64 வீதத்தினரிடம் போரின் உளசமூகப் பாதிப்புக்கள் காணப்பட்டன. நெருக்கீட்டுப் பிற்பட்ட மனவடு நோய் 27 வீதமாக இருந்தது. உளத்துயர் உடல் நோவாக வெளிப்படுதல் 41 வீதமாக இருந்தது. 2009 யூலை முதல் செப்தெம்பர் வரை மாவட்டத்தின் 1,517 வீடுகளை மாதிரியாகக் கொண்ட மற்றோர் ஆய்வு மனவடு நோயை 7 வீதமாகவும், பதகளிப்பை 32.6 வீதமாகவும், மனச்சோர்வை 22.2 வீதமாகவும் கணித்தது. 27 இலிருந்து 7 ஆகக் குறைந்ததெனக் கொண்டு மக்கள் தேறிவிட்டனர் என்று முடிவுகட்டலாகாது. மாதிரிகள் வேறு, வினாக்கொத்துக்கள் வேறு. மேலும், 'நெஞ்சு இறுகுது, கை கால் உளையுது' என்று துயரைச் சொல்லும் மக்களிடம் எவ்வகைச் சொற்களாற் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே எண் பிறக்கிறது. சோமசுந்தரம் பின்னர் தனிநபர் நோயைக் கடந்து, குடும்பமும் ஊரும் சிதைவதைக் 'கூட்டு மனவடு' என விளக்கியமை இவ்விடத்துக் கருதற்பாலது.

இதற்கு ஒரு வழியை ஷூமனே காட்டியுள்ளார். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளரையும் ஆய்ந்தபோது, விடைகள் தரப்பட்ட வினாக்களுட் சிலவற்றை எழுமாற்றாகத் தெரிந்து, 'இதனைச் சற்று விளக்கமாகக் கூறுங்கள்' என்று நேர்காண்போரைக் கேட்கச் செய்தார். விளக்கமும் விடையும் பொருந்தாதவிடத்துப் பிழை வினாவினுடையதே எனக் கண்டார். 1966 இல் வெளியான இம்முறைக்குப் பெருஞ் செலவு இல்லை. நம் மாணவரின் களஆய்வுகளிலும் இதனைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முடிவாக, எண்ணுதலை நாம் கைவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. எண்ணாத இடத்தில் உரத்துப் பேசுவோரின் நினைவே எல்லோரின் நினைவாக நின்றுவிடும். ஆயின் எண்ணுமுன், எவர் இல்லாமற்போயினர், எவர் எம்முன் வாய்திறக்கத் தயங்குகின்றனர், எந்தத் துயருக்கு எமது வினாக்கொத்தில் சொல் இல்லை என்று எம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். 1968 இல் இருபது வயதினராக இருந்தோர் எண்பதை அண்மித்துவிட்டனர். அவர்களிடம் கேட்பதற்கு எஞ்சியுள்ள காலம் நீண்டதன்று.