கையும் கணக்கும்

மராட்டிய மாநிலம் வார்தாவை அடுத்துள்ளது சேவாகிராமம். அங்கே ஆனந்த நிகேதன் பள்ளிப் பிள்ளைகள் ஏட்டுப் படிப்போடு பாத்தி கட்டுகிறார்கள், நூல் நூற்கிறார்கள், சமையலிலும் கைகொடுக்கிறார்கள். பாத்தியின் நீள அகலம் கணக்குப் பாடம். முளைவிடும் விதை அறிவியல் பாடம்.

1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி இது. டாக்டர் ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. மனைவி ஆஷாதேவியுடன் சேவாகிராமத்தில் தங்கி அதை நடத்திக் காட்டியவர் இலங்கைத் தமிழர் ஆரியநாயகம். இன்றைய பள்ளி 2005-இல் தொடங்கியது.

"நாம் படும் பாடு பிள்ளைக்கும் வேண்டுமா?" என்று உழைத்துக் களைத்த பெற்றோர் கேட்பது இயல்பே. ஆனால் இங்கு வேலை கூலிக்கு அல்ல. ஏன், எப்படி என்று அறிவதற்கு.

கொத்தனாருக்கு மூலைமட்டம் தெரியும். தையற்காரருக்கு அளவு தெரியும். அந்த அறிவைப் பள்ளிக்குக் கொண்டு செல்ல வழியும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோரே; உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பிழைக்க வந்த ஊராயினும், பிள்ளை அங்கு படித்தால் பெற்றோருக்கும் அக்குழுவில் இடமுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதென்று யாரும் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதில்லை.