பவுனும் ரூபாயும்



தில்லியில் வாழ்ந்தாலென்ன, நாகபுரியில் வாழ்ந்தாலென்ன, தமிழர் வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தால் நகைக் கணக்குப் பவுனில்தான் நடைபெறும். எட்டுக் கிராம் தங்கத்தைக் குறிக்கும் இச்சொல் நம் நாட்டுப் பழைய எடைகளைச் சேர்ந்ததன்று. ஆங்கில நாட்டின் ஒரு பவுன் மதிப்புள்ள பொற்காசு ‘சவரன்’ எனப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ எட்டுக் கிராம். காசு கைமாறுவது நின்ற பின்னும் அதன் பெயர் நம் நாவில் எடையாக நிலைத்துவிட்டது. அந்தப் பவுனுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வி, ஒரு காலத்தில் உழவனையும் வணிகனையும் அரசாங்கத்தையும் ஒருங்கே ஆட்டிவைத்தது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். இது அந்நாளைய ஆங்கிலக் கணக்கு. பவுனின் மதிப்பு தங்கத்தைச் சார்ந்திருந்தது. நம் ரூபாயோ வெள்ளியைச் சார்ந்திருந்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 கிரெயின் எடையுள்ள ரூபாயில் 165 கிரெயின் தூய வெள்ளி இருந்தது. ஆகவே தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை உறவே இரு நாணயங்களின் மாற்று விகிதமாயிற்று. 1870 வரையில் ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்றது. அதாவது, பவுனுக்குப் பத்து ரூபாய்.

பின்னர் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கிற்று. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி குவிந்தது. வெள்ளி விலை சரியவே, அதனோடு ரூபாயும் சரிந்தது. இதனால் யாருக்கு என்ன நட்டம்? இந்திய அரசாங்கம் கடன் வட்டி, ஓய்வூதியம் முதலியவற்றுக்காக ஆண்டுதோறும் இலண்டனில் பவுனாகப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. ரூபாய் 2 ஷில்லிங்காக இருந்தபோது ஒரு லட்சம் பவுனுக்குப் பத்து லட்சம் ரூபாய் போதும். 1 ஷில்லிங் 4 பென்ஸாக இறங்கினால் அதே கடனுக்குப் பதினைந்து லட்சம் வேண்டும். கூடுதலான ஐந்து லட்சமும் இந்நாட்டு மக்களின் வரிப் பணமே அன்றோ!

1893-இல் அரசாங்கம் ஒரு வழி கண்டது. அதுவரை எவரும் வெள்ளியை நாணயசாலைக்குக் கொண்டுசென்று ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். அவ்வுரிமை நிறுத்தப்பட்டது. ரூபாய் அருகியதால் அதன் மதிப்பு ஏறி, 1898-இல் 1 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது. மறு ஆண்டு, 15 ரூபாய்க்கு ஒரு சவரன் என்பது சட்டமாயிற்று. அரசாங்கத்தின் சுமை குறைந்தது. ஆனால் வெள்ளிக் காப்பையும் கொலுசையுமே சேமிப்பாகக் கருதிய ஏழைக் குடியானவன் நிலை என்ன? முன்பு அவனுடைய வெள்ளி ரூபாயாக மாறத் தக்கது. இப்போது அது சந்தை விலைக்கு மட்டுமே போகும் உலோகமாயிற்று.

முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறியது, ரூபாயும் உயர்ந்தது. 1920 பிப்ரவரியில் அது 2 ஷில்லிங் 10 பென்ஸையும் கடந்தது. அந்த விகிதத்தில் 100 பவுன் மதிப்புள்ள சரக்குக்கு 706 ரூபாய்தான். அதை நம்பி இங்கிலாந்துக்குச் சரக்குக் கேட்டு எழுதிய வணிகர் பலர். அடுத்த ஆண்டிலோ விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்குக்கு 1,500 ரூபாய்க்கும் மேல் செலுத்த நேர்ந்தது!

1926-இல் ஹில்டன் யங் கமிஷன் 1 ஷில்லிங் 6 பென்ஸைப் பரிந்துரைத்தது. கமிஷன் உறுப்பினரான ஸர் புருஷோத்தமதாஸ் டாகூர்தாஸ் 1 ஷில்லிங் 4 பென்ஸே வேண்டுமென மாறுபட்டார். இரண்டு பென்ஸுக்கா இத்தனை வழக்கு என நினைக்கலாம். பஞ்சை ஏற்றுமதி செய்து 100 பவுன் ஈட்டினால், பழைய விகிதத்தில் 1,500 ரூபாய் கிடைக்கும். புதிய விகிதத்தில் 1,333 ரூபாய் 5 அணா 4 பை. விளைபொருளின் விலை குறையும். உழவனின் நிலவரியும் வட்டியும் குறையா. எனினும் 1927-இல் 1 ஷில்லிங் 6 பென்ஸே சட்டமாயிற்று.

1949-இல் டாலருக்கு எதிராக இரு நாணயங்களும் ஒரே அளவில் மதிப்புக் குறைக்கப்பட்டமையால், அவற்றிடையே இருந்த விகிதம் மாறவில்லை. 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டுப் பவுன் 13.33 ரூபாயிலிருந்து 21 ரூபாயாயிற்று. 1967 நவம்பரில் பவுன் மதிப்பிழந்து 18 ரூபாய்க்கு இறங்கியது. 1975 செப்டம்பரில் ரூபாய் பவுனுடன் கொண்டிருந்த பிணைப்பு அறுந்தது. 1993 முதல் அதன் விலையைச் சந்தையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கி வேண்டும்போது தலையிடுகிறது.

ரூபாய் இறங்கினால் நாட்டுக்கு இழிவு, ஏறினால் பெருமை என்று எண்ணுவது எளிது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இறங்கினால் கடனைச் செலுத்துவோர் வருந்துவர். ஏறினால் விளைவித்து விற்போர் வருந்துவர். ஆகவே, நாணய விகிதம் மாறிற்று என்ற செய்தியைக் கேட்கும்போது, எத்தனை ரூபாய் என்பதோடு நில்லாமல், அச்சுமை யார் தோளில் ஏறுகிறது என்பதையும் கேட்டறிதல் நம் கடமையாகும்.