கட்டாயத் திருமுழுக்கும் இடைக்காலத் திருச்சபையும்

இடைக்காலத் திருச்சபை யூதரைக் கட்டாயப்படுத்தித் திருமுழுக்குப் பெறச் செய்ததா? கொள்கை நன்று, நடைமுறையே தவறியது என்று நம்மில் பலர் விடை கூறுவர். ஆயின் கொள்கைக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருந்தமையை நாம் கவனித்தல் வேண்டும்.

591ஆம் ஆண்டில் முதலாம் கிரகோரி, ஆர்ல், மார்செய் நகரங்களின் பேராயர்களுக்கு எழுதிய கடிதத்தில், யூதரை வலுவந்தமாகத் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொண்டுவருவதைக் கண்டித்தார். பிரசங்கத்தின் இனிமையினாலன்றிக் கட்டாயத்தினால் வருபவர் பழைய நிலைக்கே திரும்பி, முன்னிலும் கேடடைவர் என்பது அவர் கருத்து. ஆயினும் விசிகோத்திய அரசன் சிசெபுத், தன் நாட்டு யூதர் திருமுழுக்குப் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டான். பின்னர் 633இல் இசிதோரின் தலைமையில் கூடிய நான்காம் தொலேதோ சங்கம், இனி எவரையும் விசுவாசிக்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என விதித்தது. ஆனால் முன்னரே கட்டாயத்தினால் திருமுழுக்குப் பெற்றோர் கிறிஸ்தவராகவே நிலைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி கூறிற்று. செயல் தவறு, அதன் விளைவோ செல்லும்!

1096இல் சிலுவைப் போர்க் கூட்டத்தார் ரைன் நதிக்கரை நகரங்களைத் தாக்கியபோது, மைன்ஸ் யூதருட் பலர் திருமுழுக்கினும் மரணமே மேலெனக் கொண்டனர். கட்டாயத்திற்கு உட்பட்டோர் தம் மார்க்கத்திற்குத் திரும்பலாம் எனப் பேரரசன் நான்காம் ஹென்றி 1097இல் இசைந்தான். இதை எதிர்த்தவர், அவனே ஆதரித்த எதிர்ப்போப்பு மூன்றாம் கிளமெந்து என்பது நம் சிந்தனைக்குரியது.

1201இல் மூன்றாம் இன்னொசெந்து இதனை மேலும் வரையறுத்தார். இறுதிவரை முற்றிலும் மறுத்து நின்றவன் திருமுழுக்கின் முத்திரையைப் பெறான். அச்சுறுத்தலுக்கு அஞ்சி இணங்கியவனோ பெற்றவனே என்றார். வாளுக்கு முன் நிற்பவனின் இணக்கம் இவ்வாறு விருப்பமாக எண்ணப்பட்டது. யூதரின் குழந்தைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாகத் திருமுழுக்குக் கொடுத்தலாகாது என வாதிட்ட தோமா அக்குவினாவும், விசுவாசத்தை ஒருமுறை ஏற்றவரை அதில் நிலைத்திருக்கும்படி வற்புறுத்தலாம் என்றே கருதினார்.

இதன் கசப்பான கனி ஸ்பானியாவில் விளைந்தது. 1391ஆம் ஆண்டுக் கலவரங்களில் உயிருக்கு அஞ்சித் திருமுழுக்குப் பெற்றோரின் வழிவந்தோரை, 1478இல் அனுமதி பெற்ற விசாரணை மன்றம் விசுவாசத் துரோகிகள் எனத் தண்டித்தது. திருமுழுக்குப் பெறாத யூதர்மேல் அம்மன்றத்திற்கு அதிகாரமில்லை. திருமுழுக்கே அவர்களை அதன் கையில் ஒப்புவித்தது.

இது ரோமச் சபையின் கதை மட்டுமே என நாம் ஒதுங்க இயலாது. யூதரை அன்புடன் நடத்துமாறு 1523இல் எழுதிய லுத்தரே, 1543இல் அவர்களுடைய ஜெபாலயங்களைக் கொளுத்துமாறு எழுதினார். சாக்கிரமெந்து தேவனுடைய செயல் என நாமும் அறிக்கையிடுகிறோம். அவ்வறிக்கையைக் கொண்டே மனிதர் மனிதரைக் கட்டிய வரலாற்றை அறியாமல், நாம் திருமுழுக்குத் தொட்டியருகே நிற்றல் தகாது.