தீவட்டியும் நாகசுரமும்

பழைய நாள் தஞ்சைச் சிற்றூர்த் திருமணங்களை எண்ணும்போது மனத்தில் முதலில் எழுவன இரண்டு: ஒன்று விளக்கின் ஒளி, மற்றொன்று மேளத்தின் ஒலி. அவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நின்றன என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரம் எட்டாத ஊர்களில் மாப்பிள்ளை அழைப்புக்குத் துணை நின்றது தீவட்டி. கம்பியின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, எண்ணெய் வார்த்து எரிப்பார்கள். பின்னர் வந்தது செருமானிய நாட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கு. தொட்டியிலுள்ள மண்ணெண்ணெய்க்கு மேலே பம்பினால் காற்றடைத்து, ஸ்பிரிட்டை எரித்துக் குழாயைச் சூடேற்றுவர். எண்ணெய் ஆவியாகி எரிந்து, மேண்டில் என்னும் வலையை வெண்சுடராக ஒளிரச் செய்யும். ஒரு முறை எரிந்தபின் அவ்வலை வெறும் சாம்பற்கூடு. சற்றே அதிர்ந்தாலும் உதிர்ந்துவிடும். ஆகவே அதைத் தலையில் சுமந்தவர் மிகவும் நிதானமாக நடக்க வேண்டும். கூட்டம் முழுவதற்கும் ஒளி தந்த அவருடைய முகம் மட்டும் விளக்கின் அடிநிழலில் மறைந்திருக்கும்.

ஊர்வலத்தின் நடையை வகுத்தவரோ நாகசுரக்காரர். தெருமுனையில் மேளம் நின்றால் ஊர்வலமும் நிற்கும். அங்கே தோடியோ காம்போதியோ விரியத் தொடங்கினால், மணமகன் வீட்டாரும் அவசரப்படமாட்டார்கள். சபைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்க இயலாதவரும் திண்ணையில் அமர்ந்தபடியே உயர்ந்த இசையைக் கேட்டனர். திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898-1956) போன்ற மேதைகள் தோன்றியது இத்தகைய கேள்வி ஞானம் நிறைந்த மண்ணில்தான்.

இவ்விசைக்குப் பின்னால் கைவினைஞர் உழைப்பும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி நாணலால் ஆவது. தவிலின் கட்டையோ பலா மரம். தவிற்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டி, இடக்கையில் கழி பிடித்து முழக்குவார். தாலி கட்டும் வேளையில் அவ்வாத்தியங்கள் ஓங்கி ஒலிப்பதே கெட்டிமேளம். அபசகுனமான சொல் எதுவும் காதில் விழலாகாது என்பதே அதன் கருத்து.

அந்நாளை முற்றிலும் பொற்காலம் என்று சொல்லிவிட இயலாது. அவ்வூர்வலங்கள் எல்லாத் தெருக்களுக்கும் சென்றதில்லை. விளக்குச் சுமந்தவர் பந்தியில் முதலில் அமர்ந்ததுமில்லை. அக்குறைகள் நீங்க வேண்டியவை. ஆனால் அவற்றோடு நல்லதொன்றையும் நாம் இழந்து வருகிறோம்.

நான்கு நாள் நடந்த திருமணம் ஒன்றரை நாளாகச் சுருங்கிவிட்டது. மின்விளக்கு வந்தது, ஒலிபெருக்கியும் வந்தது. நாகசுரக்காரர் ஓர் இராகத்தைத் தொடங்குமுன்பே, "கெட்டிமேளம்!" என்ற குரல் எழுகிறது. பல மண்டபங்களில் ஒலிப்பதிவே மேளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கூலி குறைவதோடு, வாசிப்பதற்குரிய வாய்ப்பும் குறைகிறது. நீண்ட ஆலாபனையைக் கேட்பாரில்லையெனில், அதற்காகப் பல்லாண்டு சாதகம் செய்ய எந்த இளைஞன் முன்வருவான்?

தீவட்டி திரும்பி வர வேண்டியதில்லை. திருமண வீட்டார் மாலை வரவேற்பில் அரைமணி நேரம் ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தி, நாகசுரக்காரரை மேடையில் அமர்த்தி, விரும்பிய இராகத்தை வாசிக்குமாறு கேட்கலாம். அதற்குச் செலவு அதிகமில்லை; கேட்கும் மனம் இருந்தால் போதும்.