வீட்டிலிருந்தே தையல் தொழில்: சிறு முதலில் நற்பெயர் ஈட்டும் வழி

குடிசைத் தொழில்களுள் தையலைப் போல் எளிதில் தொடங்கத்தக்கவை மிகச் சிலவே. ஓர் இயந்திரம், ஒரு கத்தரிக்கோல், வெளிச்சமுள்ள ஒரு திண்ணை இருந்தால் போதும். ஆயினும் ஆர்வத்துடன் தொடங்கிய தொழில் ஓராண்டிற்குள் நின்று, கடன் பெற்று வாங்கிய இயந்திரம் வீட்டு மூலையில் மூடிக் கிடப்பதையும் நாம் காண்கிறோம். கைத்திறக் குறைவு இதற்குக் காரணமாவது அரிது. கேட்பார் இன்றித் தைத்துக் குவிப்பதும், உழைப்பிற்குக் கணக்கு வைக்காமையுமே பெரும்பாலும் காரணங்களாகும். இவ்விரண்டையும் தவிர்ப்பது எவ்வாறு என்பதைச் சென்னை நகரின் ஒரு பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவோம்.

தியாகராய நகர் காட்டும் வழி

சென்னையில் 'லாங் டேங்க்' என்று வழங்கிய பெரிய ஏரியின் படுகையில், 1920-களில் அமைக்கப்பட்ட குடியிருப்பே தியாகராய நகர். சர் பிட்டி தியாகராயரின் நினைவாக அதற்கு அப்பெயர் இடப்பட்டது. அங்கு 1928-ஆம் ஆண்டில் நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுப் புடவைக் கடை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் பனகல் பூங்காவைச் சுற்றியும், பாண்டி பஜாரிலும், ரங்கநாதன் தெருவிலும் ஜவுளிக் கடைகள் பெருகின. இன்று வெளியூர்களிலிருந்தும் மக்கள் திருமணத்திற்குத் துணி எடுக்க அங்கு வருகின்றனர்.

இக்கடைகளை ஒட்டி மற்றொரு தொழிலும் வளர்ந்தது. புடவை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு; ரவிக்கையோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகையால் புடவை வாங்கியவர் அடுத்துத் தையற்காரரையே நாடுகிறார். தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளின் தெருக்களில், வீட்டு முன்னறையிலேயே ரவிக்கை தைத்தும், புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்தும், ஆரி வேலை செய்தும் பிழைப்பவர் பலர். ரவிக்கைத் துணி பெரும்பாலும் புடவையுடனேயே வருகிறது. அதனை வாடிக்கையாளரே கொண்டு வருகிறார். எனவே துணியில் முதலை முடக்க வேண்டிய தேவை இவர்களுக்கு இல்லை.

இதில் நம் கிராமத்தார்க்கும் பாடம் உண்டு. ஜவுளிக் கடையுள்ள ஒவ்வொரு சிற்றூரின் அருகிலும் இவ்வாய்ப்பு இருக்கிறது. சிறுமியரின் பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை, வீட்டில் அணியும் நைட்டி ஆகியவற்றிற்கும் இம்முறை பொருந்தும்.

முதலில் ஆர்டர், பின்னர் துணி

ஒரு ரவிக்கைக்குத் துணியும் பிற பொருள்களும் சேர்த்து 200 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் 50 ரவிக்கைகளைத் தைத்து அடுக்கினால் 10,000 ரூபாய் பெட்டியில் முடங்கும். அளவு பொருந்தாமல் பாதி நின்றுவிட்டால் இலாபம் போவதோடு முதலும் போகும். அதே 10,000 ரூபாயை இயந்திரத்திற்கும், கத்தரிக்கோல், அளவு நாடா, இஸ்திரிப் பெட்டி முதலிய கருவிகளுக்கும் செலவிட்டு, ஆர்டர் பெற்ற பின்னரே லைனிங் துணி, நூல், கொக்கி ஆகியவற்றை வாங்குவது நலம். அவற்றின் விலையளவாவது முன்பணம் பெற்றுக் கொள்வதும் நன்று.

தீபாவளிக்கு முன்னும் தை மாத முகூர்த்தக் காலத்திலும் வேலை குவியும். அப்போது வந்ததையெல்லாம் ஏற்றுக் கொண்டு நாள் தவறுதல் கூடாது. நாளொன்றுக்கு எத்தனை தைக்க இயலும் என்று கணித்து, அதற்கு மேல் ஏற்காதிருப்பதே நற்பெயரைக் காக்கும்.

அளவுப் புத்தகம்

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தோள், மார்பு, இடுப்பு, உயரம், கை நீளம், கைச்சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து ஆகிய அளவுகளை நாளிட்டு எழுதி வைத்தல் வேண்டும். அளவு ரவிக்கை கொடுத்தாலும் உடலை ஒருமுறை அளந்து ஒப்பிடுவது நல்லது. பழைய ரவிக்கை இறுகியோ தளர்ந்தோ இருக்கலாம். பருத்தி லைனிங் துணியை முதலில் நீரில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் வேண்டும். இல்லையேல் முதற் சலவையிலேயே உட்துணி சுருங்கி, மேல்துணியை இழுக்கும். பக்கத் தையல்களில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால், பின்னர்ப் பிரித்துப் பெரிதாக்க முடியும். இவை சிறியவையாகத் தோன்றினும், வாடிக்கையாளர் மறுமுறை வருவது இவற்றால்தான்.

கூலிக் கணக்கு

தைக்கும் கூலி 400 ரூபாய் என வைத்துக் கொள்வோம். லைனிங், நூல், கொக்கிக்கு 100 ரூபாயும், மின்சாரம், இயந்திரத் தேய்மானத்திற்கு 30 ரூபாயும் கழித்தால் 270 ரூபாய் மீதமாகும். மூன்று மணி நேரம் பிடித்தால் மணிக்கு 90 ரூபாய். வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பதற்காக இவ்வுழைப்பைக் கணக்கில் சேர்க்காது விடுவது பெருந்தவறு. வீட்டுச் செலவுப் பணத்தையும் தொழிற் பணத்தையும் தனித்தனியே வைத்தலும் இன்றியமையாதது.

பெயரும் பதிவும்

தொழில் நிலைபெற்றதும் அதற்கொரு பெயர் சூட்டி, ஒவ்வோர் ஆடையிலும் சிறு சீட்டாகத் தைக்கலாம். பிறர் பயன்படுத்தும் பெயரைத் தவிர்த்தல் வேண்டும். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. பின்னர்ப் புதுப்பித்துக் கொள்ளலாம். ஆயத்த ஆடைகள் 25-ஆம் வகுப்பில் அடங்கும். இதற்கான அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. குறுந்தொழில் என்ற சான்று பெற 2020-இல் தொடங்கிய 'உத்யம்' பதிவிற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டா.

கடனுக்கு, 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கிகளை அணுகலாம். மானியத்துடன் கூடிய கடன் திட்டங்களின் விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து கொள்ளலாம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இத்தொழிலுக்குப் பெருந்துணை புரிய முடியும். அரசுப் பள்ளி மாணவர்களின் இலவசச் சீருடைகளைச் சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்து வருகின்றன. தகுதியுள்ள பெண்களை அச்சங்கங்களில் சேரத் தூண்டலாம். சுய உதவிக் குழுக்கள் கூடித் துணி வெட்டுவதற்குப் பொதுக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கலாம். இயந்திரம் பெற்றவர்களின் வீடுகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை சென்று, அது ஓடுகிறதா, ஓடவில்லையெனில் ஏன் என்று விசாரிக்கலாம். இயந்திரம் வழங்குவதைக் காட்டிலும் அது நிற்காமல் ஓடச் செய்வதே குடும்பத்திற்கு வருவாய் தரும்.

மழை பொய்க்கும் ஆண்டிலும் உழவர் குடும்பத்தில் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் நிற்பதில்லை. அத்தகைய ஆண்டில் வீட்டுத் திண்ணையில் ஓடும் ஓர் இயந்திரம் கடனுக்குக் கையேந்தாது காக்கும். பத்து வாடிக்கையாளரைக் கொண்டு தொடங்கி, அவர்தம் அளவையும் நாளையும் தவறாது காத்து, அவர்கள் வாயிலாகவே அடுத்த பத்துப் பேரை ஈட்டுவதே இத்தொழிலில் முன்னேறும் நெறியாகும்.